நாலு பக்கமும் அரை அங்குலம்

போன மாதம் அலமாரிக் கதவைச் சரிசெய்ய வந்த தச்சர், வந்த வேலையை விட்டுவிட்டு என் தையல் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூடியைத் திறந்தார், குனிந்து அடியில் பார்த்தார், மெஷின் உட்காரும் பள்ளத்தைச் சுற்றி அடித்திருக்கும் மரச்சட்டங்களை விரலால் தட்டிப் பார்த்தார். "இந்தத் தலைக்கு இந்தப் பொட்டி இல்லீங்களே" என்றார், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்கிறவரின் குரலில். நல்ல மரத்தில் அளவாக ஒரு பெட்டி செய்து தருகிறேன், இதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். பொருந்தாது என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறோம் என்றேன். கொஞ்சம் கோபமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அப்புறம் அவர் அலமாரிக் கதவைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் அந்தப் பெட்டியைக் குறை சொன்னவர்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் சேர்த்து ஒரு தடவை பதில் சொல்லிவிடலாமென்றுதான் இதை எழுதுகிறேன்.

மெஷின் என் அத்தையுடையது, அதாவது அப்பாவின் தங்கையுடையது. அவளுடைய கல்யாணத்தில் தாத்தா சீரோடு சேர்த்துக் கொடுத்தார். அப்போதே அது பழசு. சேலத்தில் கடையை மூடிய ஒரு தையற்காரரிடம் வாங்கிய சீமை மெஷின். கறுப்பு உடம்பு, அதில் தங்க நிறத்தில் கொடியும் பூவும், பாதி அழிந்துபோய். நம் ஊர் மெஷின்களைவிட அதன் அடித்தகடு குட்டையாக இருக்கும். தாத்தா வாங்கியபோது வெறும் தலைதான், தைக்கிற மேல்பாகம் மட்டும். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த மாமா, அதாவது அத்தையின் கணவர் வீட்டில்தான் அதற்கென்று அளவெடுத்து ஒரு பெட்டி செய்தார்கள். தேக்குப் பலகை, கீழே இரும்புக் கால், மிதி, பக்கத்தில் ஓர் இழுப்பறை. தைத்து முடித்தால் தலையை மடக்கி உள்ளே இறக்கி மூடிவிடலாம். மூடினால் பார்ப்பதற்கு மேசை மாதிரி இருக்கும்.

கல்யாணமாகி ஆறாவது வருஷம் அத்தை ராசிபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நோம்பி, பண்டிகைக்கு வருவதுபோல வரவில்லை, இனிப் போவதில்லை என்று வந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. என்ன காரணமென்று கேட்டதற்கு அம்மா "மனஸ்தாபம்" என்றாள். அது ஏதோ வியாதி என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நாள் அத்தையின் தட்டில் நான் சாப்பிடவில்லை.

இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வேலூரில் உட்கார்ந்து பேசினார்கள். அண்டா, குடம், கட்டில், பீரோ எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாமென்று ஒத்திவைத்தார்கள். ஒத்திவைத்தால் கோபம் தணிந்து பெண் திரும்பிவிடும் என்பது அவர்கள் கணக்கு. மெஷினை மட்டும் விட்டு வரமாட்டேன் என்று அத்தை வாசலிலேயே நின்றுவிட்டாள். அதற்கு ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. பெண் வீட்டுச் சீராக வந்தது மெஷின், அதனால் அது பெண்ணோடு போகும். பெட்டி மாப்பிள்ளை வீட்டு மரம், மாப்பிள்ளை வீட்டுக் கூலி, அதனால் அது அங்கேயே இருக்கும். இத்தனை நியாயமான தீர்ப்பை அந்தப் பெரியவர்கள் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. பின்பக்கக் கீலிலிருந்து இரண்டு திருகாணியைக் கழற்றித் தலையைத் தனியாக எடுத்துக் கொடுத்தார்கள். அத்தை அதைப் பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, வேலூரிலிருந்து நாமக்கல், நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் என்று இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாள். மடியில் இறங்கிய கறுப்பு எண்ணெய்க்கறை அந்தச் சேலையை விட்டுப் போகவே இல்லை.

அப்பா லாரி ஓட்டினார். பத்து நாள் வடக்கே போனால் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். தங்கைமேல் அவருக்குப் பாசம் உண்டு. எந்த லோடு போனாலும் அவளுக்கு ஒரு கண்ணாடி வளையலாவது வாங்கி வருவார். ஆனால் அவள் இங்கேயே இருந்துவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். "தலை இங்க, பொட்டி அங்க. எத்தன நாளைக்கு ஓடும்?" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். ஊர் ஆசாரியிடம் போய், தங்கச்சி பெட்டி செய்யச் சொல்லிக் கேட்டால் வேலை இருக்கிறதென்று சொல்லிவிடு என்றும் சொல்லி வைத்திருந்தார். ஆசாரியும் அப்படியே சொன்னார். ஊரில் ஒருவருக்கும் அப்படி வேலை குவிந்ததில்லை, அத்தை போகும்போதெல்லாம் அவருக்குக் குவிந்தது.

பெட்டி இல்லாவிட்டால் மிதி இல்லை, மிதி இல்லாவிட்டால் மெஷின் ஓடாது. அத்தை அதையும் ஓட்டினாள். தலையை இரண்டு பக்கமும் செங்கல் வைத்து அதன்மேல் ஏற்றினாள். சக்கரத்தைக் கையால் சுற்ற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். நான் சுற்ற, அத்தை துணியை நகர்த்துவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வைத்துவிட்டு மெஷின் முன் உட்கார வேண்டும். மெதுவாகச் சுற்று என்றால் மெதுவாக, நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் வெளியே பாண்டி ஆடும் சத்தம் கேட்கும். நான் ஊர்ப் பெண்களின் ரவிக்கைக் கைகளுக்குச் சக்கரம் சுற்றிக்கொண்டிருப்பேன். ஒரு ரவிக்கைக்கு எத்தனை சுற்று என்று எண்ண ஆரம்பித்து, ஆயிரத்துக்குப் பக்கத்தில் வெறுத்துப்போய் விட்டுவிட்டேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலிக்கும். அதனால் அத்தைக்கு ஒரு பெட்டி கிடைக்க வேண்டுமென்று அந்த வீட்டில் அத்தையைவிட அதிகமாக ஆசைப்பட்டவள் நான்தான்.

செய்து தர ஆள் இல்லையென்றால் என்ன, செய்து வைத்திருப்பவர்களிடம் வாங்கலாமென்று அத்தை கிளம்பினாள். மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது. செய்தித்தாளை விரித்து, அதன்மேல் மெஷினை வைத்து, சாக்குக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டுக் கத்தரியால் வெட்டினாள். ரவிக்கைக்குப் பேப்பர் வெட்டி வைப்பதுபோலத்தான். கீல் வரும் இரண்டு இடத்திலும் கொண்டை ஊசியால் ஓட்டை குத்தினாள். அந்தப் பேப்பரைச் சுருட்டி, ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

சேலத்தில் பழைய சாமான் கடைகள் முழுக்க அலைந்தோம். பெட்டிக்குப் பெட்டி பேப்பரை விரித்தால் நீளம் சரியாக இருக்கும், அகலம் பற்றாது. அகலம் சரியாக இருந்தால் நீளம் வழியும். ஒரு கடைக்காரர், பெட்டி வாங்க வந்தீர்களா பேப்பர் படிக்க வந்தீர்களா என்று கேட்டார். "ரெண்டுக்குந்தானுங்க. உங்க பொட்டில ரெண்டுமே முடியல" என்றாள் அத்தை. பனமரத்துப்பட்டியில் ஒரு வீட்டில் பழைய மெஷின் பெட்டியை டிவி வைக்கும் மேசையாக வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அங்கேயும் போனோம். அந்த வீட்டில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை சற்றும் தயங்காமல், டிவியை ஒரு நிமிஷம் நகர்த்தச் சொன்னாள். அவர்களும் ஏனோ நகர்த்தினார்கள். அந்தப் பெட்டியும் பற்றவில்லை. டிவியைத் திரும்ப வைத்ததும் படம் தெரியாமல் புள்ளி புள்ளியாக வந்தது. நாங்கள் வேகமாக நடந்து பஸ் ஏறிவிட்டோம்.

கடைசியில் ஜலகண்டாபுரத்தில் கிடைத்தது. ஒரு நெசவுக்காரர் வீட்டில் நூல் கண்டுகளை வைத்துக்கொள்ள ஒரு பெட்டி இருந்தது. எந்த ஊர் ஆசாரி எந்த மெஷினுக்குச் செய்ததோ, வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. இரும்புக் காலும் மிதியும் பழுதில்லாமல் இருந்தன. அத்தை கண்டுகளை ஒதுக்கிவிட்டுப் பேப்பரை வைத்தாள். நாலு ஓரமும் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு வந்தது விடுதலை என்கிற அழுகை, நாளை முதல் பாண்டி ஆடலாம்.

பெட்டியை பஸ்மேல் ஏற்றமாட்டேன் என்றார் கண்டக்டர். ஆட்டை ஏற்றுகிறீர்கள், வாழைத்தார் ஏற்றுகிறீர்கள், இதை ஏன் ஏற்றமாட்டீர்கள் என்று அத்தை படியில் காலை வைத்துக்கொண்டு கேட்டாள். காலை எடுத்தால்தான் பஸ் கிளம்பும். ஏற்றினார்கள். சேலத்தில் இறக்கி மறுபடியும் ஏற்றினோம், மறுபடியும் அதே சண்டை. ஊர் நிறுத்தத்திலிருந்து அத்தை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.

தெருவே கூடிவிட்டது. அப்பாவும் அன்று வீட்டில் இருந்தார். அத்தை பெட்டியைத் துடைத்துக் குங்குமம் வைத்தாள். மெஷினைச் செங்கல்லிலிருந்து தூக்கி, பள்ளத்துக்கு நேராகப் பிடித்து, மெல்ல இறக்கினாள். அது இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. ஓரத்தில் எங்கேயும் தட்டாமல், அத்தையின் கையை விட்டு நழுவி, அடியில் எண்ணெய் சொட்டாமலிருக்க வைத்திருந்த தகரத் தட்டில் போய் டமாரென்று உட்கார்ந்தது.

அத்தை பேப்பரை எடுத்து மெஷின் அடியில் வைத்துப் பார்த்தாள். பேப்பர்தான் பெரிசு. நாலு பக்கமும் சரியாக அரை அங்குலம் பெரிசு. பதினாலு வயதிலிருந்து ரவிக்கை வெட்டுகிறவள். துணியானாலும் பேப்பரானாலும் கோடு போட்ட இடத்தில் அவள் கத்தரி போகாது, தையலுக்கென்று அரை அங்குலம் தள்ளித்தான் போகும். மெஷினுக்கும் தையலுக்கு விட்டு வெட்டியிருந்தாள். சேலத்திலும் பனமரத்துப்பட்டியிலும் பற்றாது என்று ஒதுக்கிய பெட்டிகளில் எத்தனை சரியாக இருந்தனவோ தெரியாது. அந்த அரை அங்குலத்தைக் கட்டைவிரலால் அளந்து பார்த்துவிட்டு, முதலில் சிரித்தவள் அத்தைதான்.

அப்பா சிரித்த சிரிப்பு வேறு. "பாத்தியா அம்மிணி, பொட்டியே சொல்லிருச்சு. போயி உன்ற பொட்டி இருக்கற எடத்துல சேருன்னு" என்றார்.

"ஓட்டை பெருசுன்னா அடைச்சுக்கலாமுங்ணா" என்றாள் அத்தை.

அடைக்க மரம் கேட்டு ஆசாரியிடம் போனாள். ஆசாரிக்கு வேலை குவிந்திருந்தது. பெட்டி கூடத்தில் நின்றது, அதன்மேல் துவைத்த துணிகளை மடித்து வைத்தார்கள். மெஷின் மறுபடியும் செங்கல்மேல் ஏறியது. நான் மறுபடியும் சக்கரத்துக்குப் போனேன். தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ரவிக்கைத் துணிகள் மூட்டையாக வந்து இறங்கின. ஓர் இரவு சாப்பிடும்போது சோற்றுக் கையை வாய்வரை தூக்க முடியாமல் தட்டிலேயே வைத்துவிட்டேன். போதும் என்று முடிவு செய்தேன். ஒன்பது வயதில் எடுக்கும் முடிவுகள் மிகவும் உறுதியானவை.

அந்த வாரச் சந்தையன்று, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, வெற்றிலைக் கட்டுகள் இறக்கும் இடத்தில் மாமா நின்றிருந்தார். வெற்றிலை கொண்டுவருகிறவர்களோடு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் "சாமி, இங்க வா" என்று கூப்பிட்டு, முறுக்கு வாங்கிக் கொடுத்தார். மாமாவை எனக்கு மிகவும் பிடிக்கும். சத்தமாகப் பேசாத மனிதர். கையில் எப்போதும் வெற்றிலை வாசம் இருக்கும். முறுக்கை நான் தின்று முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "உங்க அத்தை எப்படி இருக்கறா?" என்றார்.

நான் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "அத்தை அந்தப் பொட்டியக் கேக்கச் சொன்னாங்க மாமா."

சுத்தப் பொய். அதைச் சொல்லும்போது எனக்குக் குரல்கூட நடுங்கவில்லை. மாமாதான் கொஞ்சம் ஆடிப்போனார். "அவளாவே சொன்னாளா?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் ஆமாம் என்றேன். இன்னொரு முறுக்கும் வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, நான் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. மேலே பெட்டி. கூடவே மாமாவும், வேலூரில் அன்றைக்குத் தீர்ப்புச் சொன்ன பெரியவர்களில் ஒருவரும். அப்பாவுக்கு முன்னாலேயே ஆள்மூலம் சேதி வந்திருக்கிறது. அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். அம்மா கேசரி கிண்டியிருந்தாள். ஒன்றும் தெரியாமல் நின்றவள் அத்தை ஒருத்திதான்.

பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். அப்பா தானே மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். உட்கார்ந்துவிட்டது. ஓரத்தில் ஒரு நூல்கூட நுழையாது. மாமா கீலின் திருகாணிகளை முடுக்கினார். நாங்கள் எத்தனை பஸ் ஏறி, எத்தனை பேரிடம் பேச்சு வாங்கித் தேடியது இதைத்தானே என்று எனக்குக் கையைத் தட்ட வேண்டும்போல இருந்தது. பக்கத்து இழுப்பறையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு புது ரவிக்கைத் துணி. அழைத்துப் போக வருகிறவர்கள் கொண்டுவரும் வரிசை. எங்கள் பக்கத்தில் அதைக் கையில் வாங்கிவிட்டால் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த மாதிரி. பெட்டியின் மூடி ஓரத்தில் ஒரு பித்தளைக் கொக்கியும் இருந்தது, அதில் ஒரு சின்னப் பூட்டு திறந்தபடி தொங்கியது. பூட்டெல்லாம் போட்ட பெட்டி என்று எனக்கு இன்னும் பெருமையாக இருந்தது. என் பென்சில் டப்பாவுக்கே பூட்டு இல்லை.

பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு நாளு இங்க இருந்து தைக்கட்டும். ஞாயித்துக்கெழமை பொட்டியோட ஊட்டுக்கு வந்துரட்டும். பழசையெல்லாம் மறந்தரலாம்."

அத்தை பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அந்தப் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு மாமாவை நேராகப் பார்த்து, "சாவி எங்கீங்க?" என்றாள்.

மாமா பெரியவரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "அது எங்கம்மாகிட்ட இருக்குது. அது எதுக்கு இப்ப?"

"அப்பப் பொட்டியும் அவங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்றாள் அத்தை.

அம்மா கேசரிக் கரண்டியோடு அப்படியே நின்றாள். ஒரு சாவிக்காகவா என்று பெரியவர் கேட்டார். அப்பாவும் கேட்டார். எனக்கும் அதேதான் தோன்றியது. சாவிதானே, நாளைக்கு முதல் பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் போகிறது. அப்பாவுக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது.

"நீதான அம்மிணி கேட்டு உட்டே? சந்தையில பாப்பாகிட்டச் சொல்லி உட்டயாமா? கேட்டதக் கொண்டாந்து வச்சிருக்கறாங்க, இப்ப என்ன பேச்சு இது?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்குப் பாதிப் பின்னல் கையில் நின்றுவிட்டது. பொய் சொன்னால் அப்பா பெல்ட்டை எடுப்பார், லாரியில் கட்டுகிற கயிறானாலும் எடுப்பார். அத்தை என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாங்ணா" என்றாள். "நான்தான் கேட்டு உட்டேன். இப்ப நானே வேண்டாங்கறேன்."

மாமா சட்டென்று என்னைப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. அத்தை கத்தரிக்கோல் முனையால் கீலின் இரண்டு திருகாணியையும் கழற்றி, மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ச் செங்கல்மேல் வைத்தாள். திரும்பி வந்து, இழுப்பறையைத் திறந்து பார்க்காமலே தள்ளிச் சாத்தினாள். டெம்போ வந்த வழியே போனது. போகும்போது பெரியவர் வாசலில் நின்று சொன்னது தெருவுக்கே கேட்டது. "நேரத்துக்கு ஒரு பேச்சுப் பேசறவளுக்கு இனி நாங்க எங்க போயி நாயம் பேசறது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை நாமக்கல் ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டுகிற ஒரு பட்டறைக்குப் போய், கழித்துப் போட்ட மரத்துண்டுகளில் பொறுக்கி, நாலு சட்டம் அறுத்து வாங்கிக்கொண்டு வந்தாள். ஆசாரி இல்லாமல் அவளே அடித்தாள். கீல் பிடிக்க அடியில் ஒரு குறுக்குக் கட்டை. இரண்டு ஆணி கோணலாகப் போய்விட்டன, அவை இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கின்றன. மெஷின் ஓடியது. நான் பாண்டி ஆடப் போனேன். அத்தை அந்த மெஷினில்தான் முப்பது வருஷம் தைத்தாள். யார் வீட்டுக்கும் திரும்பிப் போகவில்லை. முழங்கால் மிதிக்க விடாதபோதுதான் அதை என்னிடம் கொடுத்தாள்.

சாவி விஷயம் எனக்குத் தெரிந்தபோது எனக்கே கல்யாணமாகியிருந்தது. கேட்டதற்கு, மிகச் சாதாரணமாகச் சொன்னாள். வேலூரில் அவள் கையால் தைத்த ரவிக்கையைப் பார்த்து ஊர்ப் பெண்கள் துணியோடு படியேறத் தொடங்கிய மறுவாரம் அந்தக் கொக்கியை அடித்தார்கள். நம் வீட்டுப் பெண் ஊராருக்கு அளவெடுப்பதா என்று மாமியார் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வீட்டுத் துணி தைக்கும்போது மட்டும் திறக்கும். மாமாவிடம் கேட்டால், அம்மாவைக் கேள் என்பார். மாமா ஒரு நாளும் கை நீட்டி அடித்தவரில்லை. ஒரு நாளும் அந்தப் பூட்டைத் திறந்து விட்டவரும் இல்லை.

அந்தப் பொய்யைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரியவர்கள் சொன்னபடியே செய்தார்கள். அத்தைக்காக யாரும் அப்புறம் உட்கார்ந்து பேசவில்லை. ஒத்திவைத்த அண்டா, குடம், கட்டில், பீரோ எல்லாம் வேலூரிலேயே தங்கிவிட்டன. கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும்போது, "அவளாகவே கேட்டு வரவழைத்து, அவளாகவே திருப்பி அனுப்பினாள்" என்று அத்தையின் கதையைச் சொல்வார்கள். ஒரு தடவை, அப்போது எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும், யாரோ என்னைக் கூப்பிட்டு, அன்றைக்கு நீயும் இருந்தாய்தானே, நிஜமாகவே அவள்தான் கேட்டாளா என்றார்கள். ஆமாம் என்றேன். அத்தை நாலு பேர் தள்ளி உட்கார்ந்திருந்தாள், அவளுக்கும் கேட்டிருக்கும்.

பேச்சு மாறாதவள் என்ற பெயர் ஒன்றைத்தான் அவள் அந்த வீட்டைவிட்டு வரும்போது மெஷினோடு சேர்த்துக் கொண்டுவந்திருந்தாள். அதை அன்றைக்கு ஒரே வார்த்தையில் எனக்காகக் கொடுத்துவிட்டாள் என்பதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியாது. அடி விழவில்லை என்று தெரிந்தது. அத்தனை கச்சிதமாகப் பொருந்திய பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டாளே என்று அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. மீதிப் பின்னலைப் பின்ன அத்தை கூப்பிட்டதற்கு, மாட்டேன் என்று தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, பாதிப் பின்னலோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.